முழங்கைக்குத் தனி விலை

லோரேன் பக்கம் மாதம் ஒருமுறை
வேனை எடுத்துக்கொண்டு போவேன்.
உலை அணைந்த ஊர்களில்
அலமாரிகள் இன்னும் நீலம்.

முழங்கை வெளுத்த வேலைச்சட்டைக்கு நாற்பது யூரோ.
தீப்பொறி தின்ற துளைகள் இருந்தால்
மேலே ஒரு பத்து.
காலருக்குள் எண் தைத்திருந்தால்
பேரமே பேசமாட்டேன்.
பாரிஸ் கடையில் அதைத்தான்
முதலில் புரட்டிப் பார்க்கிறார்கள்.

ஒதீல் ஸ்காரமெல்லா
உருக்காலையில் கிரேன் ஓட்டியவள்,
இருபத்தாறு வருஷம்.
சட்டையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள்.
வலது தோளில் கிரீஸ், இடது பையில் கிழிசல்,
முதுகில் சூடு பட்ட பழுப்பு
யாரும் கேள்விப்படாத நாட்டின் தேசப்படம் மாதிரி.
அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

போனபோது
மேசைமேல் மடித்து வைத்திருந்தாள்.
துவைத்து, இஸ்திரி போட்டு,
கிழிசலை உள்பக்கமாக ஒட்டுப்போட்டு,
துளை ஒவ்வொன்றையும்
அதே நீல நூலால் அடைத்து.
"விக்கிற துணிய அழுக்கோடயா கொடுப்பாங்க?"

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது
கட்டுகிறவர்களுக்குச் சொன்னது.
என் தொழிலில்
கசக்காத கந்தைதான் காசு.
அதை அவளிடம் எப்படிச் சொல்ல?
பன்னிரண்டு என்றேன்.

அவள் சட்டையைப் பார்க்கவில்லை,
நான் போட்டிருந்ததைப் பார்த்தாள்.
வெளுத்த நீலம். காலரில் 417.
"எந்த ஆலை?"
தெரியாது.
"ராத்திரி ஷிஃப்ட் ஆளோடது.
இடுப்புல பாரு, விளக்கு மாட்டின தடம்."
இரண்டு வருஷமாகப் போடுகிறேன்,
அந்தத் தடத்தை டிசைன் என்று நினைத்திருந்தேன்.

டிவியில் ஒரு வேட்பாளர்
பூட்டிய ஆலைவாசலில் நின்று
உழைப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.
புத்தம் புதிய பழைய சட்டை.
ஒதீல் சத்தத்தைக் குறைத்தாள்.
"பையப் பாரு."
கடைத்தையல் பிரிக்கவே இல்லை.
பேச்சு முழுக்க அவருடைய இடதுகை
நுழைய இடம் தேடி
துணிமேல் வழுக்கிக்கொண்டே இருந்தது.
அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.
அவள் நிறுத்திவிட்டாள்.

பன்னிரண்டுக்கு விற்க மனமில்லை அவளுக்கு.
காபி மட்டும் கொடுத்தாள்.
கிளம்ப எழுந்தபோது
வேன் சாவி என் பையில் இல்லை,
நாற்காலிக்கடியில் கிடந்தது.
ஓட்டைப் பை.
குனிந்து எடுத்துக் கொடுத்தவள்
ஊசி இன்னும் கோத்தபடியேதான் இருக்கு,
ரெண்டு நிமிஷம்,
தைச்சுத் தரட்டுமா என்றாள்.

வேண்டாம் என்றேன்,
கொஞ்சம் அவசரமாகவே.