ஆறா, எட்டா

டௌகவ்பில்ஸில் ரயில்வே கேட் மூடினால்
எல்லாரும் கடிகாரம் பார்ப்பார்கள்.
நானும்தான், முப்பது வருடமாக.

இன்று மடியில் நோட்டரி முத்திரைப் பை,
ஒரு வீட்டு விற்பனைக்கு ஏற்கெனவே தாமதம்.
சரக்கு ரயில் வந்தது. எண்ணெய் டாங்கிகள்,
விலாவில் வெள்ளையாய் எட்டு இலக்கம்.

கை பேனா தேடியது.

ஒன்பது வயதில் என்னிடம் நான்கு நோட்டுகள்,
ஐயாயிரத்துச் சொச்சம் பெட்டி எண்கள்.
"இதெல்லாம் எதுக்கு?" என்றாள் அக்கா ஸைகா.
பதில் தெரியவில்லை. நிறுத்திவிட்டேன்.

இப்போதும் தெரியவில்லை.
கிரயப் பத்திரத்தின் முதுகில் எழுதுகிறேன்.
ஒன்றை முடிப்பதற்குள் அடுத்தது முட்டுகிறது.
பிறகு அந்தப் பழைய தந்திரம், எங்கே இருந்ததோ:
கடைசி மூன்றை முதலில் பிடி,
மற்றவை கண்ணிலேயே நிற்கும்.
நின்றன.

கேட் திறந்துவிட்டது போலும்.
பின்னால் ஆர்வீட்ஸின் பால் வண்டி
மூன்று ஹாரன், அப்புறம் நீளமாய் ஒன்று.

நாற்பத்தோராவது பெட்டியில்
ஓர் இலக்கத்தின் மேல் பனி அப்பியிருந்தது.

ஓரம்கட்டி அவனுக்கு வழிவிட்டேன்.
வீடு வாங்குகிறவர் போனில்.
பத்திரம் மறுபடி அச்சடிக்கணும், என்றேன்.
ஏன் என்று கேட்கவில்லை, நல்லவேளை.
கேட்டிருந்தால்
ஆறா எட்டா என்றுதான் வாயில் வந்திருக்கும்.