பதினெட்டாவது நகம்

பேசிப் பதினோரு நாளாகிறது.
அதற்காக நகம் வளராமல் இருக்குமா.

நேற்று கோந்து கொசுவலையில் தொங்கியது,
முன்கால் ஒன்று மாட்டிக்கொண்டு,
கொடியில் யாரோ மறந்துபோன சாக்ஸ் மாதிரி.
திரைச்சீலை போன வாரமே போயிற்று.
ஜெபசீலியின் வேலைக்குப் போடும் துப்பட்டாவில்
இழுத்த நூல் ஒரு முழம்.
ஃப்ரிட்ஜில் சீட்டு ஒட்டியிருந்தாள்:
'ஞாயிறு. நகம்.'
கீழே நான் எழுதினேன்: 'சரி.'

குளிப்பாட்ட ஒருத்தி போதும்,
கீறல் கொஞ்சம் கூடுதலாக விழும், அவ்வளவுதான்.
சீவ ஒரு கையும் ஒரு சீப்பும்.
நகத்துக்கு மட்டும் நாலு கை வேண்டும்.

பழைய நைட்டியில் சுருட்டி
தலையையும் ஒரு காலையும் வெளியே விட்டு
மடியில் வைத்துக்கொண்டாள்.
பிள்ளை பார்க்கப் போன வீட்டில்
கையில் கொடுத்தது போல இருந்தது,
அதன் முகத்தைப் பார்க்காத வரை.
நான் தரையில் உட்கார்ந்தேன்,
அவள் முகம் தெரியாத உயரத்தில்.

விரலை மெல்ல அமுக்கினால்
பட்டாணி பிதுங்குவது போல் நகம் வெளியே வரும்.
வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே
இளஞ்சிவப்பாக ஒரு கோடு.
உயிர் அதுவரைதான்.
அதற்கு இந்தப் பக்கம் வெட்டலாம், வலிக்காது.
எள்ளளவு தவறினால் ரத்தம்,
அப்புறம் ஆறு மாதம் நம்பாது.

டிக்.
'ம்' என்றாள்.
டிக்.
'ம்.'

வீட்டுக்கார சாவந்த் மாடிப்படியில் நிறுத்தி
உன் அக்கா புணே போகிறாளாமே என்றார்.
அவர் சொன்ன ஊர் என் காதில் பூனை என்று விழுந்தது.
புகார் சொல்கிறார் என்று நினைத்து,
மன்னித்துக்கொள்ளுங்கள், இனி ராத்திரி கத்தாது என்றேன்.
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.
அடுத்த மாதமாம், டெபாசிட்டில் அவள் பாதியைக் கேட்டாளாம்,
உனக்குத் தெரியாதா என்றார்.
கையில் பாதி லிட்டர் பால் இருந்தது.
தெரியும் என்று சொல்லிவிட்டு
இறங்க வேண்டியவள் மேலே ஏறினேன்.

முன்காலில் ஐந்தைந்து, பின்காலில் நாலு நாலு.
விரித்த செய்தித்தாளில் துண்டுகள் விழுந்தன,
தேவையில்லாத இடத்திலெல்லாம் காற்புள்ளி வைத்தது போல.
கருவாட்டுத் துணுக்கை மூக்குக்கு நேரே
காட்டிக்கொண்டே இருந்தாள்.
அது முகர்ந்தது. என்னை முறைத்தது. மறுபடி முகர்ந்தது.
கணக்கு ஒன்று மண்டையில் ஓடியது:
அவளோடு போனால் அங்கே யார் வெட்டுவது,
என்னோடு இருந்தால் இங்கே யார் பிடிப்பது.

பதினேழு முடிந்தது.
இடது பின்காலில் கடைசி நகம்
பிறவியிலேயே கறுப்பு.
ஜன்னல் பக்கம் திருப்பினாள்.
ஆன்டாப் ஹில்லில் ஆடி மாதத்து வெளிச்சம்
கழுவிய பாத்திரத்தின் தண்ணீர் நிறம்.
செல்போன் டார்ச்சை அடித்தாள்,
பற்களில் கடித்துக்கொண்டு, கை இரண்டும் பூனையிடம் இருந்ததால்.
உள்ளே ஒன்றும் தெரியவில்லை.
கோடு எங்கே ஆரம்பிக்கிறது,
எதுவரை வெட்டலாம்,
எங்கே தொட்டால் துள்ளும்.

'தெரியல' என்றேன்.
பதினோரு நாளில் என் முதல் வார்த்தை
ஒரு பூனையின் பாதத்தைப் பார்த்து.

ஹார்பர் லைன் வண்டி ஒன்று போனது.
அலமாரியில் தம்ளர்கள் ஒன்றையொன்று தட்டிக்கொண்டன.
போனைத் துப்பி மடியில் போட்டாள்.
எச்சில் பட்ட டார்ச் கூரையை அடித்தது.
'விட்டுடு' என்றாள்.

நகவெட்டியையா, நகத்தையா என்று
நான் கேட்பதற்குள்
நைட்டிக்குள்ளிருந்து உருவிக்கொண்டு ஓடி
ஃப்ரிட்ஜ் மேல் ஏறி உட்கார்ந்து
வெட்டிய விரல்களை ஒவ்வொன்றாக
நக்கிச் சரிபார்த்தது கோந்து.
எங்கள் வேலையில் நம்பிக்கை இல்லை.

ராத்திரி விளக்கணைத்த பிறகு
ஓடுகளில் அந்த ஒற்றை நகம் கேட்டது.
நாலு எட்டுக்கு ஒரு டிக்.
ஹாலில் அவள் பாய் வரை போய் நின்றது.
கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
பிறகு திரும்பி, டிக், என் கதவுக்கு.

காலையில் சீட்டில்
என் 'சரி'க்குக் கீழே எழுதினேன்:
'ஒன்று பாக்கி.'

வேலை முடிந்து வந்தபோது
அதற்குக் கீழே,
மை தீர்ந்த பேனாவால் அழுத்தி,
சாய்த்துப் பார்த்தால்தான் படிக்க முடிந்தது:
'தெரியும்.'