செவிகளின் பட்டியல்

ரோஹுகுலா துறையில் பிப்ரவரி.
கடல் பாதி உறைந்துவிட்டது,
மீதி இன்னும் யோசிக்கிறது.
ஹீயுமா தீவுக்குப் போகும் படகு
வாசல் மாறினாலும், தாமதித்தாலும்,
மூடுபனியில் ரத்தானாலும்
சொல்வதற்கு ஓர் அறிவிப்பாளன் உண்டு.
முப்பது வரி நிரல், அவ்வளவுதான் அவன் உடம்பு.
காது கொடுத்தவர் பெயரை எழுதிக்கொள்வான்.
செய்தி வந்தால் மேலிருந்து கீழாக
ஒருவர் விடாமல் கூப்பிடுவான்.

ஆறு நாள் நன்றாகக் கூப்பிடுவான்.
ஏழாம் நாள் மூச்சு வாங்கும்.

எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்த உர்மாஸ்
வைத்தியம் கண்டுபிடித்திருந்தார்.
திரையின் விளிம்பில் மஞ்சள் தாள்:
"வியாழன், காலை 3.40. அணைத்துப் போடு.
காரணம் கேட்காதே."

கேட்டேன்.
ஒரு புதன் இரவு நினைவகத்தை அப்படியே படியெடுத்து
எண்ணினேன்.
ஒன்பதாயிரத்து நாற்பத்தொரு ஜன்னல்கள்.
துறையில் இருக்கும் திரைகளோ பதினொன்று.

மற்றதெல்லாம் மூடியவை.
கடைசிப் பயணி ஏறியதும் மூடியவை,
கவுன்ட்டரில் லீஸ்பெத் கையுறை மாட்டியபடி
ஒரு சொடுக்கில் மூடியவை.
மூடினோம், ஒழிந்தது என்றிருந்தோம்.
பட்டியலில் பெயர் அப்படியே இருந்தது.

குப்பை அள்ளுபவன் தவறாமல் வந்தான்.
நேர்மையானவன்.
எவரேனும் பிடித்திருக்கும் பொருளில்
அவன் விரல் படாது.
அறிவிப்பாளனோ எல்லோரையும் பிடித்திருந்தான்,
விடு என்று
யாரும் அவனிடம் சொல்லாத ஒரே காரணத்தால்.

ஆகவே ஒவ்வொரு செய்திக்கும்
கண்ணாடி இல்லாத ஒன்பதாயிரம் ஜன்னல்கள்
இருட்டுக்குள் எழுத்தைத் திருத்திக்கொண்டன:
ஒன்பது மணிப் படகு தாமதம்.
தாமதம். தாமதம்.

பிடியைத் தளர்த்தினேன்.
பெயர் தெரியும், கை பிடிக்காது,
அப்படி ஒரு மெலிந்த பற்று.
விடிவதற்குள் எண்ணிக்கை பதினொன்றுக்கு இறங்கியது.
மஞ்சள் தாளைக் கிழித்தேன்.
கொஞ்சம் விசிலும் அடித்தேன்.

சனிக்கிழமை
அலைதடுப்புச் சுவரின் முனையில் பனிவிளக்கு எரியவில்லை.
நாற்பது மீட்டருக்கு அப்பால் உலகமே இல்லை.
அறிவிப்பாளன் சொல்லத்தான் செய்தான்.
கேட்க வேண்டிய செவி இல்லை.

அந்தச் செவியை என்றோ எவரோ ஒரே வரியில் பிறப்பித்து,
பட்டியலில் சேர்த்துவிட்டு,
வேறெங்கும் குறித்துவைக்காமல் போயிருக்கிறார்.
உலகில் அதைப் பிடித்திருந்தது
அறிவிப்பாளனின் கை ஒன்றுதான்.
அதைத்தான் நான் தளர்த்தினேன்.
குப்பை அள்ளுபவன் வந்தான்.
நேர்மையானவன்.

கய்டோ கைவிளக்கோடு சுவரின் முனைவரை நடந்து போய்
படகு உள்ளே வரும்வரை ஆட்டிக்கொண்டு நின்றார்.
திரும்பும்போது புருவத்தில் உறைபனி.
சர்க்கரை போடாமல் இரண்டு கோப்பை காபி குடித்துவிட்டு,
"விளக்குக்கு என்ன?" என்றார்.
"கைவிட்டுவிட்டேன்" என்றேன்.
பல்பு என்று நினைத்திருப்பார். தலையாட்டினார்.

இப்போது சேரும் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு.
சீட்டு எவர் கையிலோ அவர் பொறுப்பு.
ஜன்னல் சாகுமுன் தன் சீட்டைத் தானே கிழிக்கும்,
பெயர் அழியும்.
விளக்கின் சீட்டு துறைமுகத்தின் சட்டைப்பையில்,
துறைமுகம் இருக்கும் நாள்வரை.

ஒரு குறை மட்டும் தீரவில்லை.
கூப்பிடும் நடுவில் ஒருவர் எழுந்து போனால்
பட்டியல் தடுமாறுகிறது என்று
பிரதி எடுத்து வைத்துக்கொண்டே கூப்பிடுகிறான்.
அதனால் விடைபெற்றவருக்கும் சில நேரம்
ஓர் அழைப்பு போய்ச் சேரும்.
அந்த ஒன்றுக்கு மட்டும்
"நான் இல்லை" என்று சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

வியாழன் 3.40க்கு
எனக்கு இன்னும் விழிப்பு வருகிறது.
என்றோ என் உடம்பு கொடுத்த சந்தா.
சீட்டைத்தான் தேடுகிறேன்.