அளவீட்டுப் பிழை

ஓஸ்மோ ரந்தலாவின் இடது இடுப்பு
வியாழக்கிழமை காலை வந்து சேர்ந்தது.
ஔலு நகர ஆய்வகத்தின் நீல டப்பாவில்,
கூடவே அவர் கையெழுத்திட்ட தாள்:
நான் போன பிறகு எடுத்துக்கொள்ளுங்கள்.

நோயாளி எண் நூற்றுப் பதினேழு.
படகுத்துறை மெக்கானிக்.
அறுவை சிகிச்சையின்போது வயது ஐம்பத்தெட்டு.
தொடை எலும்பின் தலை ரத்தமில்லாமல் செத்து
தட்டிய முட்டை ஓடாய் அமுங்கியிருந்தது.
அதை அறுத்தெடுத்துவிட்டு
ஓர் உலோகத் தண்டு, ஓர் உருண்டை,
உருண்டை சுழல வெள்ளைப் பிளாஸ்டிக் கிண்ணம்.

எங்கள் ஆய்வின் கேள்வி சின்னது:
மனிதன் நடக்க நடக்கக்
கிண்ணம் எவ்வளவு தேயும்?
ஆண்டுக்கு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு என்றோம்.
இருநூற்றுச் சொச்சம் பேர் கோட்டின்மேல்
சமர்த்தாக உட்கார்ந்தார்கள்.
இவர் மட்டும்
எக்ஸ்ரேக்கு எக்ஸ்ரே மேலே மேலே போனார்.
படுத்த கோணம் சரியில்லை என்றாள் பிர்க்கோ.
படம் சாய்ந்திருக்கும் என்றேன் நான்.
அளவீட்டுப் பிழை என்று அடிக்குறிப்பு எழுதி
அவரை வரைபடத்திலிருந்து இறக்கிவிட்டோம்.

படிவங்களில் அப்பழுக்கில்லை.
இருபத்து நான்கு ஆண்டு, இருபத்து நான்கு படிவம்.
வலி? இல்லை.
ஏணி ஏறுகிறீர்களா? இல்லை.
பனிச்சறுக்கு?
இல்லை.
இந்த ஓர் இல்லையில் மட்டும்
பேனா கொஞ்சம் அழுந்தியிருக்கும்.
நான் அதை அளக்கவில்லை.

இன்று ரம்பம் தண்ணீர் தெளித்துக்கொண்டே
எலும்பை நெடுக இரண்டாக்குகிறது.
கிண்ணத்தை விளக்கடியில் வைத்து
மூன்று முறை அளந்தேன்:
நான்கு புள்ளி ஒன்று.
இரண்டரைகூட இருக்கக் கூடாது.
கீறல்கள் எல்லாம் ஒரே திசையில்,
முன்னும் பின்னும், முன்னும் பின்னும்,
கடைக்குப் போய் வருகிறவன் கால் இப்படிப் போகாது.
உதிர்ந்த தூள் போன இடமெல்லாம்
எலும்பு கரையான் அரித்த மரம்.
இன்னும் இரண்டு பனிக்காலம் போயிருந்தால்
தண்டோடு சேர்ந்து முறிந்திருக்கும்.

மத்தியானம் அவர் மனைவி ஹெல்வி கூப்பிட்டார்.
உலோகத்தைத் திருப்பித் தருவீர்களா,
என்ன எடை இருக்கும் என்று கேட்டார்.
சொன்னேன். பிறகு,
கேட்கக் கூடாததைக் கேட்டேன்.
கொஞ்ச நேரம் கெட்டில் கொதிக்கும் சத்தம்.

கடல் உறைந்த நாளிலிருந்து உருகும்வரை
ராத்திரி ஒன்பது மணிக்குமேல்
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
எதிர்த்தீவுக்குப் போய்த் திரும்புவாராம்.
பகலில் போனால் உங்கள் ஆட்கள்
யாராவது பார்த்துவிடுவார்கள் என்று.
படிவத்தை நான்தான் நிரப்புவேன்,
அவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருப்பார்:
இல்லை என்றே போடு ஹெல்வி,
அந்தப் பிள்ளைகள் கஷ்டப்பட்டுக் கோடு போடுகிறார்கள்,
என்னால் கெட்டுப்போக வேண்டாம்.

முழுப் பூசணியை அவர் சோற்றில் மறைத்தார்.
பூசணி தெரிகிறதே என்று
நாங்கள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டோம்.

அரித்த பள்ளங்களைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை.
சொல்லியிருக்க வேண்டுமோ.
கட்டுரையில் வரும், படத்தோடு வரும்,
யார் தொடை என்று பெயர் இருக்காது.

பத்து நாள் கழித்து ஓர் உறை.
இறந்தவர்களைத் தெரியாத எங்கள் கணினி
இருபத்தைந்தாம் ஆண்டுப் படிவத்தை
வழக்கம்போல் அனுப்பியிருக்கிறது.
ஹெல்வி அதை நிரப்பித் தபாலில் சேர்த்திருக்கிறார்.
வலி? தெரியவில்லை.
ஏணி? கூரையில் பனி தள்ள, ஆம்.
பனிச்சறுக்கு?
ஆம். ஆம். வாரம் ஐந்து ராத்திரி.

முடிந்த எண்ணுக்கு விடை ஏற்க மாட்டேன் என்கிறது திரை.
பென்சிலை எடுத்துக்கொண்டு
சுவரில் தொங்கும் பழைய வரைபடத்துக்குப் போகிறேன்.
அவருக்கான இடம்
சட்டத்துக்கு வெளியே, சுண்ணாம்பில் விழுகிறது.