காற்று இருக்கக் கூடாத இடங்கள்

இரவு பத்தே முக்கால். குகை, மாடி போர்ஷன்.
தரையில் பழைய துண்டு, அதன்மேல் வாளி,
வாளிக்குள் தலை கழற்றிய ஃபில்டர்.
தண்ணி கீழே ஒழுகினா அட்வான்ஸ்ல பிடிச்சுக்குவேன்
என்று போன மாதமே சொல்லிவிட்டார் ஜம்புலிங்கம்.

ஸ்பாஞ்சைப் பிழிகிறேன்.
ஏற்காட்டுக் காபித்தூளில்
இரண்டாம் முறை இறக்கிய டிகாக்‌ஷன் நிறம்.
குழாய்த் தண்ணீரில் அலசக் கூடாது.
மேட்டூரிலிருந்து குளோரின் வாசனையோடு
நான்கு நாளைக்கு ஒருமுறை வருவது அது;
இந்தப் பீங்கான் வளையங்களில் குடியிருக்கும்
கண்ணுக்குத் தெரியாதவற்றைக் கொன்றுவிடும்.
பகலில் நான் வேலை பார்க்கும் இடத்திலும் இதே விதிதான்.
குளோரின் மிச்சமிருந்தால் ரத்தம் உடையும்.
காலை ஐந்தரைக்கு என் முதல் காரியம்
ஒரு குப்பித் தண்ணீர் நிறம் மாறுகிறதா என்று பார்ப்பது.

தொட்டித் தண்ணீரிலேயே அலசி
கொஞ்சம் அழுக்கை மிச்சம் வைக்கிறேன்.
ரப்பர் வளையத்துக்கு விரல் நுனியில் வாசலின்.
மூடி. நான்கு கிளிப்.
நான்காவது எப்போதும் கட்டைவிரலைக் கேட்கும்.

சென்டரிலும் நான்காவது நாற்காலிதான், மாதையனுக்கு.
செவ்வாய், வியாழன், சனி.
வெள்ளைக்கல் லாரி ஓட்டியவர்.
ஓமலூர் பஸ்ஸில் முதல் ஆளாக வந்து
என்னை சிஸ்டர் என்பார்.
சிஸ்டர் இல்லண்ணே, டெக்னீஷியன் என்றால்
சரிங்க சிஸ்டர்.
அவருக்கு நாளொன்றுக்கு ஒரு லிட்டர்.
மோர், ரசம், மாத்திரை விழுங்கும் மடக்கு
எல்லாம் அதற்குள்.
போன வாரம் கேட்டார்:
உங்க மீனுக்கு எவ்ளோ தண்ணி?
நூத்தியிருவது லிட்டர்.
எத்தன மீனு?
நாலு ஏஞ்சல்.
கண்ணை மூடி வகுத்துப் பார்த்தார்.
ஆளுக்கு முப்பது.
அதுங்க குடிக்கவே குடிக்காதுண்ணே என்றேன்.
குடிக்காததுக்கு எதுக்கு அவ்ளோ?
சிரித்த சிரிப்பில் கை அசைந்து
மெஷின் அலாரம் அடித்தது.

குமிழை அழுத்துகிறேன்.
ஐந்து. பத்து. பதினாறு.
குழாயில் ஒரு சொட்டு ஏறவில்லை.
மீன்கள் நான்கும் மேலே வந்து
வாய் திறந்து மூடுகின்றன.
இருபத்தெட்டு. தோள் வலிக்கிறது.
புது ஃபில்டர் என்ன விலை என்று
யோசிக்கவே ஆரம்பித்துவிட்டேன்.
அப்புறம்தான் கண்ணில் பட்டது:
உள்வரும் குழாயின் வால்வு மூடியே இருக்கிறது.
மூடியது நான்தான், அரை மணி முன்.
சென்டரில் என்றால் மெஷின் ஊரைக் கூட்டியிருக்கும்.
இங்கே கத்த ஆளில்லை.

திருப்பியதும்
தொட்டி விளிம்பைத் தாண்டி
தன் எடையாலேயே விழுகிறது தண்ணீர்.
மறுமுனையில் காற்று புடுக் புடுக்கென்று வெளியேறுகிறது.
காலையில் ஆறுமுறை இதைத்தான் செய்தேன்.
சலைன் ஏற்றி, டயலைசரைத் தலைகீழாய்ப் பிடித்து,
உள்ளங்கையால் தட்டித் தட்டி
கடைசி நுரை போகும்வரை.
அங்கே ஒரு குமிழ் தப்பினால் ஒரு உயிர்.
இங்கே தப்பினால் சத்தம், அவ்வளவுதான்.
கைக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியவில்லை,
அதே பதற்றத்தில் தட்டுகிறது.

பிளக்.
பித்தளைச் சொம்பில் புளியங்கொட்டை உருட்டுகிற கடகடப்பு.
இடப்பக்கம் சாய்க்கிறேன், வலப்பக்கம் சாய்க்கிறேன்.
கொத்தாக ஒரு வெள்ளை நுரை தொட்டிக்குள் போய் உடைகிறது.
சத்தம் குறைந்து, குறைந்து,
இல்லை.

ஓடுகிறதா, நின்றுவிட்டதா?
மூடிமேல் இரண்டு விரல் வைக்கிறேன்.

மாதையனின் இடது மணிக்கட்டுக்கு மேலே
ஊசி போடும் முன் இப்படித்தான் வைப்பேன்.
நரம்பும் தமனியும் சேர்த்துத் தைத்த இடம்.
தோலுக்கடியில் ஒரு பூனை
தூக்கத்தில் உறுமிக்கொண்டிருக்கும்.
இருக்கா சிஸ்டர் என்பார், ஒவ்வொரு முறையும்,
முகத்தை ஃபேன் பக்கம் திருப்பிக்கொண்டு.
இருக்குண்ணே.

நாளை சனி.
கீழே ஜம்புலிங்கம் டிவியை அணைக்கிறார்.
மீன்கள் பாதி ஆழத்துக்கு இறங்கிவிட்டன.
துண்டின் ஓரம் மட்டும் ஈரம்.
எழுந்து பிழிந்து போட வேண்டும்,
விரலை எடுத்த பிறகு.