இணைப்பு: புகைப்படங்கள் ஒன்பது

நினைவுக்காக எடுத்தவை அல்ல இவை.
பில் பாஸாவதற்காக எடுத்தவை.
உதகை நகராட்சி, சிறுவர் கேளிக்கைப் பூங்கா,
கிறிஸ்துமஸ் அலங்காரம், டிசம்பர் எழுபத்தொன்பது.
ஒப்பந்தக்காரர் காந்தல் சவரிராயன்.
ஒவ்வொரு படத்தின் முதுகிலும் ஊதா முத்திரை,
அதற்குள் யாருடையதோ அவசரச் சுருக்கொப்பம்.

பழைய கோப்புகளைக் கழிக்கச் சொல்லி
என்னை இந்த அறைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.
ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர். மூக்கில் கைக்குட்டை.
அழிக்கலாம், வைக்கலாம் என்று இரண்டு ரப்பர் முத்திரை.
மத்தியானத்துக்குள் நாற்பது கோப்பு.

முதல் படத்தில் சைப்ரஸ் மரம், கிளையெல்லாம் வெள்ளை.
பஞ்சு பதினான்கு சுருள் என்கிறது பில்.
தணிக்கையாளர் சிவப்பு மையில் கேட்கிறார்:
இதில் பஞ்சு எவ்வளவு, நீர்ப்பனி எவ்வளவு?
புல்லும் அன்று வெள்ளையாகத்தான் இருக்கிறது,
பெஞ்சும், டிக்கெட் கூண்டின் தகரமும்.

இரண்டாவதில் கிறிஸ்துமஸ் தாத்தா.
வவுச்சரில் அவர் ஹாலன், பூங்காக் காவலர்,
நாளுக்கு நான்கு ரூபாய் கூடுதல்.
தாடிக்குக் கீழே காக்கிக் காலர்.
மடியில் உட்கார மாட்டேன் என்று விறைக்கிற குழந்தையை
ஒரு கை மட்டும் படத்துக்குள் நீண்டு தள்ளுகிறது,
வளையல் போட்ட கை.

ராட்டினத்தின் உச்சியில் நட்சத்திரம் ஒன்று,
மூங்கிலும் காகிதமும், முப்பத்தைந்து ரூபாய்.
ஐந்தாவது படத்தில் அது இல்லை.
இருட்டில் கேமரா கண்மூடாமல் காத்திருந்த நேரம்
யாரோ ராட்டினத்தைச் சுற்றிவிட்டிருக்கிறார்கள்.
இருப்பது பெரிய வெள்ளை வளையம் ஒன்று.
‘நட்சத்திரம் காணப்படவில்லை. விளக்கம் தேவை.’
சவரிராயன் எழுதிய விளக்கம் ஒரே வரி:
‘ஐயா, சுற்றியது.’

வண்ண பல்பு என்று போட்டிருக்கிறார்.
படம் கறுப்பு வெள்ளை.
அதையும் கேட்டிருக்கிறார்கள்.

கடைசியில் எண்ணிக்கை.
பில்லில் அறுபத்தேழு பல்பு, படங்களில் தெரிவது அறுபத்தொன்று.
ஆறுக்கும் சேர்த்துப்
பதிமூன்று ரூபாய் ஐம்பது பைசா பிடித்தம்.
இதற்கு மட்டும் அவர் பதில் எழுதவில்லை.
நட்சத்திரத்துக்காக வாதாடிய மனிதர்
ஆறு பல்புக்கு வாயைத் திறக்கவில்லை.

ஜன்னலோரம் போய் நானும் எண்ணினேன்.
அறுபத்தொன்றுதான்.
டீ வந்தது, ஆறியது, மறுபடி எண்ணினேன்.
எட்டாவது படம்: குட்டி ரயில்,
அதன் பின்னே வேலி, வேலிக்கு அப்பால் சரிவில்
தோட்டக்காரர்களின் லைன் வீடுகள்.
நான்காவது வீட்டு வாசலுக்கு மேல்
தொய்ந்த கொடிபோல
ஆறு புள்ளி.
தூசியோ என்று நகத்தால் சுரண்டினேன்.
போகவில்லை.

அந்த லைனுக்கு மின்சாரம் வந்தது எண்பத்து நான்கில்.
எனக்குத் தெரியும், அந்தக் கோப்பைக்
காலையில்தான் ‘வைக்கலாம்’ பக்கம் போட்டேன்.
அப்படியானால் வயர் ஒன்று
டிக்கெட் கூண்டிலிருந்து கிளம்பி, வேலிக்கு அடியில் நுழைந்து,
கேரட் பாத்தியில் பதுங்கிப் பதுங்கி
அந்த வாசல்வரை ஏறியிருக்கிறது.
அங்கே யார் இருந்தார்கள்? கோப்பில் இல்லை.
படுத்த படுக்கையாய்க் கிடந்தவரா, பிள்ளை பெற்றவளா,
இல்லை சவரிராயனுக்குக் கடன் கொடுத்த யாரோவா.
வாசலில் ஏதோ அசைந்து மங்கியிருக்கிறது.
நாயாகவும் இருக்கலாம்.

கீழே பழைய பேப்பர் வேன் ஹாரன் அடிக்கிறது.
அழிக்கலாம் என்று குத்தினேன்.
அட்டையில் ‘ஒன்பது’ என்பதை அடித்துவிட்டு
‘எட்டு’ என்று எழுதினேன்.
ஸ்வெட்டருக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவே
ஓர் அட்டையின் மூலை குத்துகிறது.
யாராவது எண்ணிப் பார்த்தால்
விளக்கம் கேட்கட்டும்.