இரண்டே சுற்று

முந்நூற்றைம்பது சொன்னான் புதுப்பேட்டையில்.
இருநூற்றெண்பதுக்கு முடித்தேன்.
கதவில்லாத ஓவன். எவர் வீட்டு மீன்குழம்போ
இன்னும் மஞ்சளாய் அதன் கூரையில்.
மடியில்தான் வைத்திருந்தேன், ஆனாலும்
பெரம்பூர் பஸ் கண்டக்டர் லக்கேஜ் போட்டார்.

முதலில் கெப்பாசிட்டர்.
பிளக்கைப் பிடுங்கினாலும் அது மறக்காது, ஜாக்கிரதை,
என்றிருந்தான் லிஃப்ட் மெக்கானிக் இருதயராஜ்.
ரப்பர் செருப்பு, ரப்பர் கையுறை,
மூச்சைப் பிடித்துக்கொண்டு முனைகளைச் சேர்த்தேன்.
ஒன்றுமில்லை.
எப்போதோ மறந்துவிட்டிருக்கிறது.
எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பிறகு டிரான்ஸ்ஃபார்மர்.
நாலு கிலோ இரும்புக்குள்
முடி மாதிரிக் கம்பி, ஆயிரத்துச் சொச்சம் சுற்று.
தொட்டவர் திரும்பி வராத இரண்டாயிரம் வோல்ட்.
அதைத்தான் அறுக்கவேண்டும்,
பக்கத்திலேயே பார்த்துக்கொண்டிருக்கும்
பிரைமரிச் சுருளில் ஒரு கீறல் விழாமல்.

மூன்று ஹேக்ஸா பிளேடு உடைந்தது.
மொட்டைமாடிக்கு டேங்க் பார்க்க வந்த மேல்வீட்டு வைதேகி
என்ன, குண்டா? என்றார்.
வெல்டிங் மிஷின் என்றேன்.
குண்டே பரவாயில்லை என்பதுபோல் இறங்கிப் போனார்.

மறுநாள் இன்சூரன்ஸ் கிளையில்
ஒருவருக்குப் பாலிசி சரண்டர் செய்து தரும்போது
என் நகக்கண்ணில் செம்பு மின்னியது.
அவர் அதைப் பார்த்தார். கையெழுத்தைப் போட்டார்.

சுருள் போன இடம் வாய்பிளந்து நின்றது.
ரிச்சி தெருவில் வாங்கிய கட்டைவிரல் பருமன் கேபிளை
சோப்பு தடவி, முழங்காலால் அழுத்தி
ஒரு சுற்று.

இன்னொன்று.

ஆயிரத்துக்குப் பதில் அவ்வளவுதான்.
மீட்டரில் ஒன்று புள்ளி எட்டு வோல்ட்.
டிவி ரிமோட்டுக்குப் போடும் பேட்டரியைவிட
ஒரு பிடி அதிகம்.
இருதயராஜுக்குப் போன் செய்து சொன்னேன்.
வோல்ட்டைப் பார்க்காதே, எதையாவது நடுவில் வை என்றான்.

நிக்கல் பட்டை இன்னும் வந்து சேரவில்லை.
மேசை இழுப்பறையில் இரண்டு ஐம்பது பைசா கிடந்தது.
கடையில் வாங்கமாட்டார்கள், உண்டியலிலும் போட மனம் வராது.
ஒன்றன்மேல் ஒன்று வைத்து
காலால் சுவிட்சை மிதித்தேன்.

விளக்கு ஒருகணம் தலைகுனிந்தது.
கேபிள் துள்ளியது, தூக்கத்தில் திடுக்கிட்ட கை மாதிரி.
இரும்பு ம்ம்ம் என்றது.
நடுவில் ஒரு புள்ளி சிவந்தது, பிறகு கறுத்தது.

ஊதி ஆற்றி நகத்தால் நெம்பினேன்.
கட்டிங் பிளேயரால் திருகினேன்.
வரவில்லை.

ஒரு ரூபாய்.
இதையும் யாரும் வாங்கப்போவதில்லை.